வடக்கே திரும்பிய ஆன்டெனா

அத்தியாயம் 17

நேற்று மதியம் கலைச்செல்வி போனை வைத்ததிலிருந்து சுமலதாவின் கால் தரையில் பாவவில்லை. வாசல் தெளித்தாள். மாவிலை கட்டினாள். தேர் பார்க்க வந்த உறவுக்காரர்களுக்குச் சோறு போட்டாள். எல்லாவற்றையும் கைகள் செய்தன. மனம் மட்டும் எங்கோ தொலைவில், வெளிச்சம் நிறைந்த ஓர் அறையில், மகளுக்கு எதிரே போய் உட்கார்ந்துகொண்டது.

"நாளைக்குக் காலைல டிவில வரன்மா. பெங்களூர்ல லோக்கல் சேனல் ஒன்னு. சாமந்தி வெவசாயம் பத்திப் பேசச் சொல்லியிருக்காங்க. லைவ். முடிஞ்சா பாரு."

முடிஞ்சா பாரு.

எட்டு மாதமாக அவள் முகத்தைக் காட்டவில்லை. வீடியோவில் கூப்பிட்டால் எடுக்க மாட்டாள். "நீ அழுவ. நானும் அழுவன். எனக்கு வேல கெடக்குதும்மா" என்று குரலோடு நிறுத்திக்கொள்வாள். குரலை வைத்துக்கொண்டு எவ்வளவு நாள் ஒரு முகத்தைச் செய்ய முடியும்? சில நாட்களில் கலையின் புருவம் எப்படி வளையும் என்பதே சுமலதாவுக்கு மறந்துபோகும். பாத்திரம் தேய்க்கிற கை அப்படியே நின்றுவிடும்.

தோட்டக்கலை படித்துவிட்டு வந்த மகள், பூவும் தக்காளியும் போடுகிற அப்பாவின் தோட்டத்தில் கால் ஏக்கர் கேட்டு வாங்கிப் புதுச் சாமந்தி ரகம் வைத்தாள். அவள் தர்மபுரிக்கு வேலைக்கான பரீட்சை எழுதப் போயிருந்த நாளில், நவநீதன் தக்காளி நடுவதற்காக அந்தக் கால் ஏக்கரையும் சேர்த்து டிராக்டர் ஓட்டிவிட்டார். மொக்கு விட்டிருந்த செடிகள். அன்று சாயங்காலமே கலை ஓசூர் பஸ் ஏறிவிட்டாள். அப்பாவும் மகளும் அதன் பிறகு ஒரு வார்த்தை பேசவில்லை.

பேசியதெல்லாம் சுமலதாதான். இரண்டு பேருக்காகவும்.

"அப்பா கேட்டாரு, நேரத்துக்குச் சாப்புடறியான்னு." அவர் கேட்கவில்லை.

"கலை கேட்டா, உங்க மூட்டு வலி எப்படி இருக்குதுன்னு." அவளும் கேட்கவில்லை.

மாவாட்டும்போதும் களை பிடுங்கும்போதும் இந்த வார்த்தைகளை அவள் செய்வாள். அவர் சொல்வது போலவே, அவள் சொல்வது போலவே. சாயங்காலம் கணவருக்குக் காப்பி கொடுக்கையில் அன்றைக்குச் செய்ததை எடுத்து வைப்பாள். அவர் ஒன்றும் சொல்ல மாட்டார். ஆனால் காப்பியை மெதுவாகக் குடிப்பார்.

நேரில் போய்ப் பார்த்துவிட்டு வரலாம் என்றால் இருவர் கையிலும் மஞ்சள் காப்பு. மாரியம்மனுக்குக் காப்புக் கட்டியவர்கள் தேர் திரும்பி நிலைக்கு வரும்வரை வெளியூரில் இராத் தங்கக் கூடாது. அதிலும் தேரின் வலது முன் சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போடுவது நவநீதன் குடும்பத்து உரிமை.

டிவியில்தான் பார்க்க வேண்டும். அந்த டிவிக்கும் நேற்றே வாய் அடைத்தாயிற்று.

*

பனி இன்னும் விலகாத மொட்டை மாடியில், தக்காளிச் செடிக்கு ஊன்றுகிற சவுக்குக் கொம்புகள் இரண்டைச் சேர்த்துக் கட்டிக்கொண்டிருந்தான் சரத். நவநீதனின் தம்பி. கேபிள் டிவிக்காரரிடம் லைன் வேலை பார்க்கிறவன். தேர் போகிற வீதியில் குறுக்கே ஓடிய ஒயர்களையெல்லாம் நேற்று அவிழ்த்துக் கீழே போட்டவனும் அவன்தான்.

"ஊருக்கே டிவியப் புடுங்கிட்டு இப்ப எங்க வூட்டு மாடியில வந்து நிக்கற" என்றாள் சுமலதா.

"நான் எங்க புடுங்கனன் அண்ணி? ஆத்தா புடுங்கிட்டா. அவ தேரு ஒசரம் அப்படி. அவ வந்தா கேபிளும் கெடையாது, நெட்டும் கெடையாது. எல்லாம் ஒரே ஒயர்ல வருது."

"போன்ல வராதா?"

"பத்தாயிரம் பேரு வந்து எறங்கியிருக்கான். அத்தன பேரும் செல்பி எடுத்து அனுப்பறான். உங்க போன்ல அந்த வட்டம் சுத்திக்கிட்டேதான் இருக்கும்."

"எதிர் வூட்ல டிஷ் இருக்குது."

"அந்தச் சேனலு டிஷ்ல வராது அண்ணி. பெங்களூர் டவர்ல இருந்து காத்துல நேரா வரது. அதுவும் எச்.டி. உங்க புது டிவி இருக்குதே, அதுலயே அத வாங்கற சாமான் உள்ள வச்சிருக்கான். ஆன்டெனா ஒன்னு சொருவுனா போதும்."

எதிர் வீட்டில் வந்தாலும் அவள் போயிருக்க மாட்டாள். மகளைப் பார்க்கிற தன் முகத்தை இன்னொருத்தி பார்த்துக்கொண்டிருக்க விட முடியுமா?

ஆன்டெனாவின் அலுமினியக் குழாய்கள் அங்கங்கே வளைந்திருந்தன. ஒரு குழாயில் நீலச் சாயம் ஒட்டியிருந்தது.

"இது எங்க கெடச்சுது?"

"பாலக்கோட்டுல ஒரு வூட்டு மாடியில. பாவாட காயப் போட்டுக்கிட்டிருந்தாங்க. எடுத்துக்கட்டுமான்னு கேட்டன். அப்ப பாவாடய எங்க போடறதுன்னு அந்தம்மா சண்டைக்கு வந்துட்டாங்க. கொடிக்கயிறு ஒன்னு வாங்கிக் குடுத்துட்டு வந்தன்."

சுமலதா சிரித்துவிட்டாள். சிரித்ததும் கண் நிறைந்தது. முந்தானையால் முகத்தைத் துடைப்பது போலத் துடைத்துக்கொண்டாள்.

"அண்ணனுக்குத் தெரியுமா?" சரத் குரலைத் தாழ்த்தினான்.

"வேணாம். கேட்டா, கேபிள் இல்லாததுக்கு டெஸ்ட் பண்றன்னு சொல்லிக்க."

"பொய் சொல்றதுல உங்ககிட்டதான் டியூசன் படிக்கணும் அண்ணி."

விளையாட்டாகத்தான் சொன்னான். அவளுக்கு எங்கோ சுருக்கென்றது.

கொம்பைத் தண்ணீர்த் தொட்டியின் ஓரமாக நிறுத்திக் கட்டினான். ஒயரைக் கீழே இறக்கினான். சுமலதா படியிறங்கிக் கூடத்தில் டிவிக்கு முன்னால் நின்றாள். திரை கறுப்பாக இருந்தது. நடுவில் சிக்னல் இல்லை என்று ஒரு வரி.

"வருதா?" மாடியிலிருந்து குரல்.

"இல்ல."

"இப்ப?"

"இல்ல சரத்."

"கொஞ்சமாச்சும்? புள்ளியாட்டம்?"

"ஒன்னுமே இல்ல."

அவன் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து எட்டிப் பார்த்தான். "இது பழைய காலத்து ஆன்டெனா மாதிரி கெடையாது அண்ணி. அப்பல்லாம் மழ பெய்யற மாதிரியாச்சும் படம் தெரியும். ஒரே ஆளு ரெண்டு ஆளாத் தெரிவான். குத்துமதிப்பாப் பாத்துக்கலாம். இப்ப டிஜிட்டலு. வந்தா கண்ணாடி மாதிரி வரும். வரலன்னா சுத்தமா கெடையாது. நடுவுல ஒன்னும் இல்ல."

நடுவில் ஒன்றும் இல்லை. அந்த வார்த்தை அவளோடு கூடத்திலேயே நின்றது. அவள் வாழ்ந்ததெல்லாம் அந்த நடுவில்தானே? பாதி தெரிந்ததையும் பாதி தானே வரைந்துகொண்டதையும் சேர்த்துப் படம் என்று வைத்துக்கொண்டுதானே இந்த எட்டு மாதமும் போயிற்று? அதற்கு முன்னால் போன வருடங்களும்கூட அப்படித்தானோ என்னவோ.

மறுபடி மாடி ஏறினாள். மூச்சு வாங்கியது.

"எந்தப் பக்கம் பாத்து வச்சிருக்க?"

"சேலத்துப் பக்கம்தான். நம்ம ஊர்ல ஆன்டெனா இருந்த காலத்துல ஒவ்வொரு வூட்டு ஆன்டெனாவும் அந்தப் பக்கம்தான் அண்ணி பாத்துக்கிட்டு நிக்கும். எங்கப்பா சொல்லிக் குடுத்தது."

"பெங்களூரு அங்கியா இருக்குது?"

சரத் ஆன்டெனாவைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். பிறகு உள்ளங்கையால் நெற்றியில் அடித்துக்கொண்டான்.

"சனியன். கை தானாத் திரும்பிடுச்சு அண்ணி."

"தள்ளு."

அவளே கொம்பைப் பிடித்தாள். பனியில் நனைந்த சவுக்கு கைக்குச் சில்லென்றிருந்தது. பாதம் மாற்றி மாற்றி வைத்து வடக்கு நோக்கித் திரும்பினாள். ராயக்கோட்டை மலை பனிக்குள் ஒரு சாம்பல் கோடு. அதையும் தாண்டி, கொஞ்சம் மேற்கே, தளி பக்கத்தில் அவள் பிறந்த ஊர். அங்கே கன்னடத்தில் அழுது, கன்னடத்தில் சிரித்து, கன்னடப் பள்ளிக்கூடத்தில் எட்டாவதுவரை படித்தாள். கல்யாணமாகி இந்த வீட்டுக்குள் கால் வைத்த அன்று, வாசலில் கழற்றிய செருப்போடு அந்தப் பேச்சையும் கழற்றி வைத்துவிட்டாள். யாரும் வற்புறுத்தவில்லை. அவளாகத்தான். கைக்குழந்தையாக இருந்த கலையிடம் மட்டும், யாரும் இல்லாத நேரத்தில், அந்தப் பேச்சு தானாக வந்தது. இப்போதும் போனில் அவளிடம் பேசுவது அதில்தான்; கலை தமிழில் பதில் சொல்வாள்.

இந்த மாடியில் எத்தனை ஆயிரம் முறை துணி உலர்த்தியிருப்பாள். ஒரு தடவைகூட இந்தத் திசையைப் பார்த்து நின்றதில்லை என்பது இப்போதுதான் தெரிந்தது. பார்த்தால் என்ன ஆகும் என்று பயமாக இருந்திருக்கும். இப்போது ஒன்றும் ஆகவில்லை. பனி கொஞ்சம் கலைந்தது. எங்கோ ஒரு மயில் அகவியது. அவ்வளவுதான்.

கீழே கூடத்தில் யாரோ பேசினார்கள். அந்நியக் குரல். கன்னடம்.

"வந்துடுச்சு அண்ணி!" சரத் கத்தினான். "அப்படியே இருங்க, அசையாதீங்க, கட்டிடறன்!"

*

திரையில் ஒரு பெண் சமையல் எண்ணெய் விற்றுக்கொண்டிருந்தாள். அவள் மூக்குத்தியின் கல் எண்ணிக்கைகூடத் தெரிந்தது. சரத் சொன்னது சரி. கண்ணாடிதான்.

"நான் போவணும் அண்ணி. தேரு நெலைய வுட்டு நவுரும்போது ஈ.பி.காரங்க கரண்ட நிறுத்துவாங்க. நானும் கூட நிக்கணும். வேட்டு போட்டா நவுரப் போறதுன்னு அர்த்தம். அதுக்குள்ள புள்ளயப் பாத்துக்கங்க."

"ரெண்டு நிமிசம் தள்ளிப் போடச் சொல்லக் கூடாதா?"

"யாருகிட்ட? ஆத்தாகிட்டியா?"

அவன் போனான். தெருவில் பம்பைச் சத்தம். பெண்கள் குலவையிடுகிறார்கள். இங்கே கூடத்தில் அவளும் டிவியும் மட்டும். கதவைப் பாதி சாத்தினாள்.

பிறகு கலை வந்தாள்.

முதலில் படம் சிதறியது. கட்டம் கட்டமாக உடைந்தது. ஒரு கட்டத்தில் காது, ஒரு கட்டத்தில் தோள், திரையின் கீழ்ப்பாதி முழுக்கப் பச்சைக் குழம்பு. சுமலதா கையைக் கூப்பிவிட்டாள். எந்தச் சாமியை என்று தெரியாது. கட்டங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன.

மெலிந்திருந்தாள். கன்னத்து எலும்பு தெரிந்தது. ஆனால் கண்ணின் கீழே கறுப்பு இல்லை. தூங்குகிறாள். நெற்றி ஓரத்தில் புதிதாக ஒரு பரு. இடது புருவத்தில், சின்ன வயதில் தக்காளிக் கொம்பு குத்திய தழும்பு அப்படியே இருக்கிறது. ஆமாம், இப்படித்தான் வளையும் அந்தப் புருவம். எப்படி மறந்தேன்? நகங்களில் மண். டிவிக்கு வருகிறவள் நகத்தைச் சுத்தம் பண்ணிக்கொண்டு வரக் கூடாதா? இல்லை, வேண்டாம். மண் இருக்கட்டும்.

சாமந்தி நாற்றின் நுனியைக் கிள்ளுவது எப்படி என்று கலை காட்டிக்கொண்டிருந்தாள். கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் மட்டும். நகம் படாமல். என்ன சொல்கிறாள் என்பது சுமலதாவுக்குக் கொஞ்ச நேரம் காதிலேயே ஏறவில்லை. ஏறியபோது உடம்பு சிலிர்த்தது. கலை பேசியது பெங்களூர்க் கன்னடம் இல்லை. தளிக் கன்னடம். இழுத்து இழுத்து, வாக்கியத்தின் கடைசியில் குரலை ஏற்றி. சுமலதாவின் அம்மா பேசிய கன்னடம். யாரும் இல்லாதபோது காற்றில் விட்ட பேச்சையெல்லாம் அந்தக் குழந்தை எங்கேயோ சேர்த்து வைத்திருக்கிறது.

"யாரு அது?"

திடுக்கிட்டுத் திரும்பினாள். நவநீதன் கதவருகே நின்றுகொண்டிருந்தார். இடுப்பில் மஞ்சள் வேட்டி, வெற்று மார்பில் சந்தனம். பூஜை அறையில் வைத்திருந்த முட்டுக்கட்டையை எடுத்துப் போக வந்திருக்கிறார்.

கை தானாக ரிமோட்டைத் தேடியது.

"இருக்கட்டும்" என்றார்.

அவர் உட்காரவில்லை. உள்ளேயும் போகவில்லை. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். திரையின் வெளிச்சம் அவர் மார்பில் நீலமாக விழுந்தது. எட்டு மாதத்துக்குப் பிறகு மூன்று பேரும் ஒரு கூடத்தில் இருப்பது போல ஒரு மயக்கம் சுமலதாவுக்கு. இப்படியே இருந்துவிட்டால் என்ன? தேர் நகராமல், வேட்டு போடாமல், பனிக்குள்ளேயே இந்தக் காலை நின்றுவிட்டால்?

"எளச்சிட்டா" என்றார் அவர்.

"ம்."

"எப்புடி வருது இது?"

"சரத் ஆன்டெனா கட்டுனான்."

அவர் தலையசைத்தார். பேட்டி எடுக்கிறவர் சிரித்துக்கொண்டே கேட்டார்: "நிமகெ இதெல்லா யாரு ஹேளிகொட்டரு?" உங்களுக்கு இதையெல்லாம் சொல்லிக்கொடுத்தது யார்?

"நம்மம்மா" என்றாள் கலை.

என் அம்மா.

அதோடு நிற்கவில்லை. அம்மா எப்படி நுனி கிள்ளுவாள், விடியற்காலையில் மொக்கைத் தொட்டுப் பார்த்தே இன்று பறிக்கலாமா நாளைக்கா என்று எப்படிச் சொல்வாள், என்றெல்லாம் அடுக்கிக்கொண்டே போனாள். சுமலதாவுக்கு முகம் சுட்டது. யாரோ ஊரறியத் தன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டது போல இருந்தது. இன்னும் சொல்லு என்று மனம் கெஞ்சியது. அதே சமயம் முதுகுப் பக்கம், கதவு நிலையைப் பிடித்த கையின் மௌனமும் கேட்டது. அப்பாவைப் பற்றி ஒரு வார்த்தையாவது வரும் என்று அவளும் காத்திருந்தாள். வரவில்லை. மண்ணைப் பற்றிச் சொன்னாள், தண்ணீர் பற்றிச் சொன்னாள். அந்த மண்ணில் முப்பது வருடம் நின்றவரைப் பற்றி இல்லை.

"என்னா சொல்றா?" என்றார் நவநீதன்.

பழக்கம். கை தானாகத் திரும்பிவிட்டது என்று சரத் சொன்னானே, அது போலத்தான். வார்த்தை யோசிக்காமல் வந்தது.

"உங்களப் பத்திதாங்க. அப்பா பின்னாலயே தோட்டத்துல சுத்திச் சுத்திக் கத்துக்கிட்டேன்னு சொல்றா."

அவர் கதவு நிலையிலிருந்து கையை எடுத்தார். பிறகு, மகளைப் பார்த்தபடியே, மெதுவாகச் சொன்னார்:

"நங்கெ கொத்து, சுமா."

எனக்குத் தெரியும்.

கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவர் வாயிலிருந்து வந்த முதல் கன்னடம். உச்சரிப்பில் பிசிறே இல்லை.

"உங்களுக்கு… கன்னடம்…"

"இருவது வருசமா பெங்களூர் மார்க்கெட்டுக்குப் பூ கொண்டு போறன். கன்னடம் தெரியாம? சைகையிலயா வெல பேசுவன்?"

"ஒரு நாளும் சொல்லலியே."

"நீ கேக்கல. எனக்குத் தெரியாதுன்னு நீயா வச்சிக்கிட்ட. சரி, உனக்குன்னு ஒரு பேச்சு இருந்துட்டுப் போவட்டும்னு வுட்டுட்டன்."

கலை எதற்கோ சிரித்தாள். இருவருமே கவனிக்கவில்லை.

மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் நின்று மகளோடு பேசிய பேச்செல்லாம் சுமலதாவின் கண் முன்னால் ஓடியது. எவ்வளவு சத்தமாகப் பேசியிருக்கிறாள்! புரியாது என்ற தைரியத்தில்.

"அப்ப, நான் போன்ல பேசறது…"

"கேக்கும். அப்பா சாப்புட்டியான்னு கேட்டாரும்ப. நான் கேட்டதில்ல. அப்பா உனக்குப் போர்வ வாங்கச் சொன்னாரும்ப. நான் சொன்னதில்ல. எம் பேச்ச நீ அவளுக்கு அப்படிச் சொன்னா, அவ பேச்ச எனக்கு எப்படிச் சொல்வேன்னு தெரியாதா?"

"தெரிஞ்சுக்கிட்டேதான் கேட்டுக்கிட்டு இருந்தீங்களா?"

"சாயந்தரம் நீ வந்து சொல்றது நல்லா இருந்துச்சு" என்றார். "கேட்டுக்கிட்டன்."

கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பாள். அந்த மெதுவான காப்பி. அத்தனை சாயங்காலங்களும். அவருக்கு ஊட்டுவதாக அவள் நினைத்திருக்க, அவரோ அவளுக்காகச் சாப்பிட்டிருக்கிறார்.

தெருவில் யாரோ கூப்பிட்டார்கள். "நவநீதா! கட்டய எடுத்துக்கிட்டு வாப்பா! வடம் புடிச்சாச்சு!"

"வரன்!" என்றார். ஆனால் நகரவில்லை.

டிவியில் பேட்டிக்காரர் நன்றி சொன்னார். நாளைக் காலை இதே நேரத்துக்கு மறு ஒளிபரப்பு என்றார். கலை கை கூப்பினாள். அப்போது திரையின் கீழே, ஒரு நீலப் பட்டையில், வெள்ளை எழுத்து எழுந்தது. வளைந்து வளைந்து, பூ கட்டியது போல, கன்னட எழுத்து.

கலைச்செல்வி நவநீதன்.

எட்டு மாதத்துக்கு முன்னால், பஸ் படியில் ஒரு கால் வைத்துக்கொண்டு கலை சொன்னது: "அவருகிட்டச் சொல்லிடு. இனிமே எம் பேருக்கு முன்னால 'ந' கெடையாது. எங்கியும் போட மாட்டன்." அதை மட்டும் சுமலதா அவரிடம் சொல்லவில்லை. ஆனால் பஸ் நிறுத்தத்தில் நின்றிருந்தவர்கள் சொல்லிவிட்டார்கள்.

"என்னாங்க!" அவள் குரல் உடைந்தது. "உங்க பேரு! கீழ பாருங்க, உங்க பேரு போட்டிருக்கா! முழுசா!"

"எங்க?"

அவர் மகளின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். பார்வையைக் கீழே இறக்குவதற்குள் படம் ஒரு தடவை நடுங்கியது. நீலப் பட்டை கட்டங்களாக உடைந்தது. வெளியே வேட்டு வெடித்தது. திரை அணைந்தது. மின்விசிறி ஒரு சுற்றுச் சுற்றி நின்றது.

"நெசமாங்க. கலைச்செல்வி நவநீதன்னு. எங் கண்ணால படிச்சன்."

அவர் அவளைப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பு அவளுக்குத் தெரியும். சாயங்காலங்களில், காப்பி டம்ளரின் விளிம்பில் இருக்கும் சிரிப்பு.

"நல்லா இருக்குது, சுமா" என்றார்.

"ஐயோ, இது பொய்யில்லீங்க!"

"நான் பொய்யின்னு சொன்னனா?"

பூஜை அறைக்குள் போனார். மஞ்சளும் குங்குமமும் அப்பிய முட்டுக்கட்டையைத் தோளில் தூக்கிக்கொண்டு வெளியே வந்தார். எட்டு மாதத்தில் முதன்முதலாக அவரிடம் கொடுக்க ஓர் உண்மை இருந்தது. அதைக் கொடுக்கத்தான் முடியவில்லை. பொய் சொல்லிச் சொல்லி, உண்மை போகிற பாதையை அவளே தூர்த்துவிட்டிருந்தாள்.

வாசலில் அவர் நின்றார். திரும்பினார்.

"கன்னடம் பேசுவன். எழுத்துத் தெரியாது எனக்கு."

"எனக்குத் தெரியுங்க."

"நவநீதன்னு எப்படி எழுதுவாங்க? எழுதிக் காட்டு. நாளைக்கு மறுபடி போடறாங்கல்ல? நானே வச்சுப் பாத்துக்கறன்." கொஞ்சம் நிறுத்தினார். "நீ சொல்லி வேணாம்."

கட்டையை நிலையில் சாய்த்து வைத்துவிட்டு உள்ளங்கையை நீட்டினார். அவள் ஜன்னலில் கிடந்த பேனாவை எடுத்து வந்து எழுதிப் பார்த்தாள். காய்த்துப்போன கை. மை பிடிக்கவில்லை. கையைத் திருப்பி, காப்புக் கயிற்றுக்குக் கீழே, நரம்பு தெரிகிற மெல்லிய இடத்தில் பேனாவை வைத்தாள்.

முதல் எழுத்தை எழுதினாள். இரண்டாவதில் பேனா நின்றது.

பார்த்தேனா?

கண்ணை மூடிக்கொண்டாள். நீலப் பட்டை வந்தது. வெள்ளை எழுத்து வந்தது. தெளிவாக, கண்ணாடி போல. ஆனால் மூட்டு வலியை விசாரித்த கலையின் குரலும் இவ்வளவு தெளிவாகத்தானே கேட்டது? அதைச் செய்தது அவள்தான் என்று தெரிந்தும், சில சாயங்காலங்களில் அது கலையே சொன்னதாகத்தானே இருந்தது? அந்த ஒரு நொடியில், கலைச்செல்வி என்பதற்குப் பக்கத்தில் இருந்தது இந்தப் பேர்தானா? சுமலதா என்றுகூட இருந்திருக்கலாமே. இல்லை வெறும் ஊர்ப் பேரோ?

"நவநீதா!" தெருவே சேர்ந்து கத்தியது. "தேரு நிக்குதுடா!"

"எழுது" என்றார் அவர்.

எழுதினாள். மிச்ச எழுத்துகளையும் வரிசையாக எழுதி முடித்தாள். அவர் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இவ்ளோ வளைவு இருக்குதா எம் பேர்ல?"

பதிலுக்குக் காத்திருக்கவில்லை. கட்டையைத் தோளில் ஏற்றிக்கொண்டு கூட்டத்துக்குள் இறங்கிவிட்டார். குலவைச் சத்தம் அலையாக எழுந்தது. எங்கோ ஒரு சக்கரம் முனகியது.

சுமலதா இருட்டான திரைக்கு முன்னால் வந்து உட்கார்ந்தாள். போன் மடியில் இருந்தது. மகளின் எண்ணைத் தொட்டால் போதும். பேர் போடச் சொன்னியா கலை, என்று ஒரே ஒரு கேள்வி. தெரிந்துவிடும். அவருக்குத் தெரிவதற்கு முன்னால் தனக்குத் தெரிந்துவிடும். போடச் சொல்லவில்லை என்றால், நாளைக்குள் அவளைக் கெஞ்சி ஏதாவது செய்யவும்கூட…

விரல் எண்ணின் மேல் போய் நின்றது.

எண்ணுக்கு மேலே வட்டத்துக்குள் கலையின் பழைய போட்டோ. கன்னம் நிறைந்த முகம். இன்று காலை பார்த்த முகம் அது இல்லை. அதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு போனை அணைத்து, அலமாரியில் துணிகளுக்கு அடியில் வைத்துக் கதவைச் சாத்தினாள்.